ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ: எது பொது, எது தனி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்து ஆய்வுகூடங்களிலும் உயர்தர உயிரியல் வகுப்பறைகளிலும் கால்நடை வைத்தியர்களின் மேசைகளிலும் பிறபொருளெதிரி வகுப்புக்களான ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ முதலியவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். முதல் மூன்றும் அடித்தளம். அவற்றைத் தாண்டி நேரே டெங்கு, கூம்ஸ் சோதனைப் பகுதிக்குப் போனால் பாதிதான் விளங்கும்.

பிறபொருளெதிரிதானே மற்றதைப் பிடிக்கிறது? அதையே எப்பிடி இன்னொண்டு பிடிக்கும்?

பிறபொருளெதிரி என்பது கிருமி போன்ற அந்நியப் பொருளைப் பிடிக்க உடம்பு ஆக்கும் புரதம். மனித ஐஜிஜியை எடுத்து முயலுக்கோ வெள்ளாட்டுக்கோ ஊசியாக ஏற்றினால் அந்த விலங்குக்கு அது வெறும் அந்நியப் புரதம். முட்டை வெண்கருவுக்கு எதிராக எப்படிப் பிறபொருளெதிரி உண்டாக்குமோ அப்படியே இதற்கும் உண்டாக்கும். சில கிழமைகள் கழித்து அந்த விலங்கின் இரத்தத்திலிருந்து பிரிக்கும் சீரம்தான் மனித ஐஜிஜி எதிர்ச்சீரம். ஆய்வுகூடத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் பல போத்தல்கள் இந்த வகைதான்.

பிடிபடுவது முழு மூலக்கூறும் ஒன்றாக அல்ல. மேற்பரப்பில் சில அமினோ அமிலங்கள் சேர்ந்து ஆக்கும் சிறு திட்டுக்கள்தான் பிடிபடுகின்றன. எபிரோப் என்று பாடநூல் சொல்லும் இந்தத் திட்டுக்களை இங்கே குறியிடம் என்று எழுதுகிறோம். ஒரு ஐஜிஜி மூலக்கூறில் பல குறியிடங்கள் உண்டு. அவற்றுள் சில எல்லா வகுப்புக்கும் பொது, சில ஐஜிஜிக்கு மட்டுமே உரியவை. கீழே வரும் எல்லாச் சிக்கல்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அஞ்சு வகுப்பு எண்டு பாடமாக்கிறம். அஞ்சுக்கும் என்ன பொது, என்ன வேற?

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: இரண்டு பாரச் சங்கிலி, இரண்டு இலேசான சங்கிலி. பாரச் சங்கிலி ஒன்று ஐஜிஜியில் ஏறக்குறைய 50 கிலோடால்டன், இலேசான சங்கிலி ஏறக்குறைய 25. இலேசான சங்கிலியில் கப்பா, லம்டா என்ற இரண்டே வகை. ஐந்து வகுப்பும் இந்த இரண்டையும்தான் பயன்படுத்துகின்றன. ஒரே மூலக்கூறில் இரண்டும் கலந்து வராது. ஒன்றில் இரண்டும் கப்பா, இல்லையென்றால் இரண்டும் லம்டா. மனித சீரத்தில் கப்பா உள்ளவை லம்டா உள்ளவற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே கப்பாவிலும் லம்டாவிலும் உள்ள குறியிடங்கள் எல்லா வகுப்புக்கும் பொதுச் சொத்து.

வகுப்பைத் தீர்மானிப்பது பாரச் சங்கிலியின் மாறாப் பகுதி. ஐஜிஜிக்கு காமா, ஐஜிஎம்முக்கு மியூ, ஐஜிஏக்கு அல்பா, ஐஜிஈக்கு எப்சிலன், ஐஜிடிக்கு டெல்ரா. காமா, அல்பா, டெல்ரா சங்கிலிகளில் மாறாப் பகுதி மூன்று மடிப்புக்களாக இருக்கும். மியூவிலும் எப்சிலனிலும் நான்கு. வகுப்புக்கு வகுப்பு இந்தப் பகுதியின் அமினோ அமில வரிசை வெகுவாக வேறுபடும். ஐஜிஜியின் நான்கு உபவகுப்புக்களுக்கிடையிலோ மாறாப் பகுதி 90 வீதத்துக்கு மேல் ஒன்றே. அதனால்தான் ஐஜிஜியையும் ஐஜிஎம்மையும் பிரிக்கும் எதிர்ச்சீரம் செய்வது ஒப்பளவில் சுலபம், ஐஜிஜி1ஐயும் ஐஜிஜி3ஐயும் பிரிப்பது கடினம்.

இன்னொரு பொதுப் பொருளும் உண்டு. ஐந்து அலகு சேர்ந்த ஐஜிஎம்மிலும் இரண்டு அலகு சேர்ந்த ஐஜிஏயிலும் ஜே சங்கிலி என்ற ஏறக்குறைய 15 கிலோடால்டன் துண்டு இருக்கிறது. அது ஐஜிஜியில் இல்லை. உமிழ்நீர், தாய்ப்பால் ஆகியவற்றில் உள்ள ஐஜிஏயுடன் சுரப்புக் கூறு என்று இன்னொரு புரதமும் ஒட்டியிருக்கும். இரத்தத்து ஐஜிஏயில் அது கிடையாது.

ஐசோரைப், அலோரைப், இடியோரைப். மூண்டும் ஒரே மாதிரிக் கேக்குது, எப்பிடி ஞாபகம் வைக்கிறது?

வன்னியில் பட்டி மாடுகளைப் பார்த்தவர்களுக்கு இது கடினமில்லை. பசுவும் எருமையும் கலந்து மேயும்போது கொம்பைப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடலாம். எந்த ஊர்ப் பட்டிக்குப் போனாலும் அந்தக் கொம்பு வேறுபாடு அப்படியே இருக்கும். அது ஐசோரைப். மனிதர் எல்லாரிடமும் காமா உண்டு, மியூ உண்டு, கப்பா உண்டு, லம்டா உண்டு. வகுப்பையும் உபவகுப்பையும் இலேசான சங்கிலி வகையையும் காட்டும் குறியிடங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

மாட்டின் தொடையில் சுடும் குறி குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. அதே பசுதான், ஆனால் யாருடைய பட்டி என்று குறி சொல்லும். அலோரைப் அப்படி: ஒரே இனத்துக்குள் ஆளுக்கு ஆள், பரம்பரை வழியாக வேறுபடும் சிறு மாற்றம். கப்பா சங்கிலியில் கேஎம் என்ற வகைகள் 153ஆம், 191ஆம் இடங்களில் உள்ள அமினோ அமிலங்களால்தான் பிரிகின்றன. 153இல் அலனின், 191இல் வலின் இருந்தால் கேஎம்3. 153இல் வலின், 191இல் லியூசின் இருந்தால் கேஎம்1. காமா சங்கிலியின் ஜிஎம் வகைகளைச் சுவீடனில் ரூன் குரூப் 1956இல் அறிவித்தார். முயலில் அலோரைப்பை ஜாக் உடின் விவரித்ததும் அதே ஆண்டில்தான்.

நெற்றிச் சுட்டியும் புள்ளியும் ஒவ்வொரு மாட்டுக்கும் தனி. இடியோரைப் என்பது மாறும் பகுதியில், அதாவது பிறபொருளெதிரியாக்கியைப் பிடிக்கும் நுனியிலும் அதைச் சுற்றியும், உள்ள குறியிடங்கள். ஒரே கலவழியிலிருந்து, அதாவது ஒரே தாய்க்கலம் பெருகி வந்த கூட்டத்திலிருந்து, வந்த மூலக்கூறுகளுக்குத்தான் அது ஒன்றாக இருக்கும். ஒரு விடயத்தைக் கவனியுங்கள்: கலம் ஐஜிஎம்மிலிருந்து ஐஜிஜிக்கு மாறும்போது பாரச் சங்கிலியின் மாறாப் பகுதி மட்டுமே மாறுகிறது, நுனி அப்படியே இருக்கிறது. ஆகவே ஐசோரைப் மாறினாலும் இடியோரைப் தொடரலாம்.

கப்பா, லம்டா எண்டு பெயர் ஏன் வந்தது?

சில புற்றுநோயாளரின் சிறுநீரில் வரும் பென்ஸ் ஜோன்ஸ் புரதத்துக்கு எதிராகச் செய்த எதிர்ச்சீரங்களைக் கொண்டு, அந்தப் புரதங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன என்று கோர்ன்கோல்ட், லிப்பாரி இருவரும் 1956இல் காட்டினார்கள். அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துக்கள்தான் கப்பாவும் லம்டாவும். அந்தப் புரதம் இலேசான சங்கிலியே என்று ஈடல்மனும் கல்லியும் 1962இல் நிறுவினார்கள். ஆகவே குறியிட வேறுபாடு முதலில் தெரிந்தது, அமைப்புப் பிறகுதான் தெரிந்தது.

டெங்குக் கசற்றில ஐஜிஎம் கோடு வேற, ஐஜிஜி கோடு வேற வருது. அந்தக் கீற்றுக்கு எப்பிடித் தெரியும் எது எது எண்டு?

பெரும்பாலான கசற்றுக்களில் (சீரம் விட்டுக் கோடு பார்க்கும் சிறு சோதனைத் தட்டுக்களில்) ஒரு கோட்டில் மியூ சங்கிலி எதிர்ச்சீரமும் மற்றக் கோட்டில் காமா சங்கிலி எதிர்ச்சீரமும் பூசியிருக்கும். சீரம் ஓடிவரும்போது ஐஜிஎம் எல்லாம் முதற் கோட்டிலும் ஐஜிஜி எல்லாம் மற்றதிலும் பிடிபடும். டெங்குவுக்கு எதிரானவை மட்டுமல்ல, எல்லாம் பிடிபடும். நிறமேற்றிய டெங்குப் புரதம் பின்னால் வந்து, பிடிபட்டவற்றுள் தனக்குரியதில் ஒட்டினால்தான் கோடு கண்ணுக்குத் தெரியும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை எச்சரிக்கை. "கோடு மங்கலா வருது, இன்னொரு துளி விடுவம்" என்று சிலர் செய்கிறார்கள். கோட்டில் உள்ள பிடிமானங்கள் எண்ணிக்கையில் குறைந்தவை. சீரம் கூடினால் டெங்குவோடு சம்பந்தமில்லாத ஐஜிஎம் அவற்றை நிரப்பிவிடும், கோடு இன்னும் மங்கும். கிற்றில் 5 அல்லது 10 மைக்ரோலீற்றர் என்று எழுதியிருந்தால் அந்த அளவையே விடுங்கள். கட்டுப்பாட்டுக் கோட்டையும் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். பல கிற்களில் அந்தக் கோடு நிறமேற்றிய எலி அல்லது முயல் பிறபொருளெதிரியைத்தான் பிடிக்கிறது. சீரம் விடாமல் தாங்கற்கரைசல் மட்டும் விட்டாலும் அது வரும். கரைசல் ஓடியது என்பதற்குத்தான் அது சாட்சி. மாதிரி சரியாக விடப்பட்டது என்பதற்கு அல்ல.

வெயில் காலத்தில் இன்னொன்று. 2 முதல் 30 பாகை செல்சியஸ் என்று அச்சிட்ட பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழ் வைத்தால் கோட்டில் உள்ள எதிர்ச்சீரம் மெல்ல மெல்லப் பழுதாகும். காலாவதித் திகதி மிச்சம் இருந்தாலும் அந்தக் கிற்றை நம்பமுடியாது.

போத்தலில "ஐஜிஜி எதிர்ச்சீரம்" எண்டுதான் கிடக்கு, ஆனா ஐஜிஎம்மையும் பிடிக்குது. சாமான் பழுதோ?

பழுதில்லை. சிட்டையைக் கிட்டப் பிடித்து வாசியுங்கள். "பாரச் சங்கிலியும் இலேசான சங்கிலியும்" என்ற கருத்தில் எச்+எல் என்று போட்டிருந்தால், அந்த எதிர்ச்சீரத்தில் கப்பா, லம்டா எதிரிகளும் (அவற்றைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளும்) இருக்கின்றன. முழு ஐஜிஜியை விலங்குக்கு ஏற்றினால் விலங்கு காமாவுக்கு மட்டும் எதிர்வினை காட்டாது, இலேசான சங்கிலிக்கும் சேர்த்துக் காட்டும். இரண்டாம் கேள்வியில் சொன்னபடி அந்தச் சங்கிலி எல்லா வகுப்புக்கும் பொது. வகுப்பைப் பிரிக்கவேண்டிய வேலைக்கு "காமா சங்கிலிக்கு உரியது" அல்லது "எஃப்சி துண்டுக்கு உரியது" என்று எழுதிய போத்தல்தான் வேண்டும். எஃப்சி என்பது பாரச் சங்கிலிகளின் கீழ்ப்பாதி. மொத்தப் பிறபொருளெதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க எச்+எல் நல்லது, உணர்திறன் கூட.

சிட்டையை நம்பாமல் நீங்களே சோதிக்கலாம். எலைசா (நொதியம் தரும் நிறத்தால் பிறபொருளெதிரியைக் காட்டும் சோதனை) தட்டின் மூன்று நிரல்களில் தூய ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ ஆகியவற்றை மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராம் வீதம், பிஎச் 9.6 காபனேற்றுத் தாங்கலில் 4 பாகையில் இரவு முழுக்கப் பூசுங்கள். கழுவி, 1 வீத மாட்டு அல்புமினால் மிச்ச இடத்தை மூடி, நொதியம் பிணைத்த எதிர்ச்சீரத்தை 1:1000 தொடக்கம் இரட்டிப்பாக ஐதாக்கி விடுங்கள். ஐஜிஜி நிரல் 1:32000 வரை நிறம் காட்டி, ஐஜிஎம் நிரல் 1:1000இலேயே வெளிறினால் அது வகுப்புக்கு உரியது. இரண்டும் அருகருகே போனால் இலேசான சங்கிலி எதிரிகள் உள்ளே இருக்கின்றன. வாங்கிய "தூய" ஐஜிஎம்மில் ஐஜிஜி கலந்திருந்தாலும் இதே தோற்றம் வரும் என்பதை மறக்காதீர்கள்.

அப்ப ஒரு வகுப்பை மட்டும் பிடிக்கிற எதிர்ச்சீரத்தை எப்பிடிச் செய்யினம்?

பொதுவானதை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். மியூ எதிர்ச்சீரம் வேண்டுமென்றால் தூய ஐஜிஎம்மை வெள்ளாட்டுக்கு ஏற்றிச் சீரம் எடுப்பார்கள். அதில் மியூ எதிரியும் இருக்கும், கப்பா, லம்டா எதிரிகளும் இருக்கும். செபரோஸ் மணிகளில் மனித ஐஜிஜியை நிரந்தரமாகப் பிணைத்த குழாய் வழியே அந்தச் சீரத்தை ஓடவிட்டால் இலேசான சங்கிலி எதிரிகள் மணியில் சிக்கும். மியூ எதிரிகள் கீழே வடியும். பழைய காலத்தில் கொப்பூழ்க்கொடிச் சீரத்தையே உறிஞ்சியாகப் பயன்படுத்தினார்கள். ஐஜிஜி சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளைக்குப் போகும், ஐஜிஎம் போகாது. ஆகவே கொடிச் சீரத்தில் ஐஜிஜி நிறைய, ஐஜிஎம் மிகக் கொஞ்சம். பிறந்த பிள்ளையின் இரத்தத்தில் ஒரு கிருமிக்கு எதிரான ஐஜிஎம் கண்டால் அது பிள்ளை தானே உண்டாக்கியது என்று எடுப்பதற்கும் இதுவே காரணம்.

உறிஞ்சல் அளவுக்கு மீறினால் விளைச்சல் குறையும். குறைந்தால் குறுக்குப் பிடிப்பு மிஞ்சும். ஒருதரம் ஓட்டி, மேலே சொன்ன தட்டில் பார்த்து, தேவையென்றால் இன்னொருதரம் ஓட்டுவதுதான் பாதுகாப்பான வழி.

சேர், இதைக் கண்ணால பாக்கிற மாதிரி ஒரு செய்முறை இருக்கோ?

இருக்கிறது, விலையும் அதிகமில்லை. ஊக்ரர்லோனி என்ற சுவீடன் நாட்டவர் 1948இல் கொண்டுவந்த இரட்டைப் பரவல் முறை. 1 வீத அகரோசைத் தாங்கற்கரைசலில் தெளியும்வரை காய்ச்சி, நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் துண்டில் 3 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். 25க்கு 75 மில்லிமீற்றர் துண்டில் அது ஏறக்குறைய 1.6 மில்லிமீற்றர் தடிப்பாக உறையும். முக்கோணமாக மூன்று குழி வெட்டுங்கள்: ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர் விட்டம், விளிம்புக்கு விளிம்பு 5 மில்லிமீற்றர் இடைவெளி. ஒரு குழிக்கு 10 மைக்ரோலீற்றர் பிடிக்கும். ஒன்றில் எதிர்ச்சீரம், மற்ற இரண்டில் மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் வீதம் ஐஜிஜியும் ஐஜிஎம்மும். ஈரத் துணி விரித்த மூடிய பெட்டியில் 48 மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். கறுப்புத் தாளின் மேல் பிடித்து, பக்கவாட்டாக ரோர்ச் அடித்தால் வெள்ளைக் கோடுகள் தெரியும்.

கப்பா எதிர்ச்சீரம் விட்டிருந்தால் இரண்டு குழிக்கும் எதிரே வரும் கோடுகள் நடுவில் வளைந்து ஒன்றாக இணையும். பொதுக் குறியிடம் என்று பொருள். காமா எதிர்ச்சீரம் விட்டால் ஐஜிஜிக்கு எதிரே மட்டும் கோடு. முழு ஐஜிஜி எதிர்ச்சீரம் விட்டால்தான் அழகு: கோடுகள் இணையும், ஆனால் ஐஜிஜியின் கோடு சந்தியைத் தாண்டி ஐஜிஎம் குழிப் பக்கமாகச் சேவல் காலின் முள்ளுப்போல ஒரு சிறு வாலை நீட்டும். இலேசான சங்கிலி எதிரிகளை ஐஜிஎம் பிடித்து நிறுத்திவிட்டது. காமா எதிரிகளை அதனால் நிறுத்த முடியவில்லை, அவை தாண்டிப்போய்த் தனியே படிந்தன. பொதுவும் தனியும் ஒரே கண்ணாடித் துண்டில் தெரியும்.

பிழைக்கும் இடங்கள் பல. ஐஜிஎம் பெரிய மூலக்கூறு, 900 கிலோடால்டனுக்கு மேல், மெல்லத்தான் ஊரும். 24 மணித்தியாலத்தில் "கோடு இல்லை" என்று எறிந்துவிடாதீர்கள், 72 மணி வரை பொறுங்கள். அளவு ஒரு பக்கம் மிகையானால் படிந்த கோடு மீண்டும் கரையும் அல்லது போலி வால் காட்டும். 1:2, 1:4, 1:8 ஐதாக்கங்களையும் பக்கத்தில் ஓட்டுங்கள். சிறுபோகக் காலத்துச் சோழகக் காற்றில் பெட்டி சரியாக மூடாவிட்டால் அகர் ஓரத்திலிருந்து உலர்ந்து கோடு கோணும். கிணற்று நீரில் தாங்கல் செய்தால் அதிலுள்ள கல்சியம் பொசுபேற்றோடு சேர்ந்து வெண்புகாராகப் படியும், அதைக் கோடு என்று நம்பிவிடுவார்கள். காய்ச்சி வடித்த நீர் மட்டும் பாவியுங்கள்.

கூம்ஸ் ரெஸ்ற்றில மூண்டு நாலு தரம் கழுவச் சொல்லினம். ஒருக்காக் கழுவினாப் போதாதோ?

போதாது, கணக்குப் போட்டால் தெரியும். 1945இல் கூம்ஸ், மோரன்ற், ரேஸ் மூவரும் அறிவித்த இந்தச் சோதனை, செங்குழியங்களில் ஐஜிஜி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, மனித ஐஜிஜி எதிர்ச்சீரத்தால் அவற்றை ஒருங்கொட்டச் (கட்டியாகச் சேரச்) செய்வது. செங்குழியத்தில் ஒட்டிய ஐஜிஜிக்கும் சுற்றியுள்ள சீரத்தில் மிதக்கும் ஐஜிஜிக்கும் காமா குறியிடம் ஒன்றே. எதிர்ச்சீரத்துக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. மிதப்பது எதிர்ச்சீரத்தை முதலில் குடித்துவிட்டால் ஒட்டியதற்கு மிச்சம் இருக்காது.

இரண்டு துளிச் சீரம் ஏறக்குறைய 100 மைக்ரோலீற்றர். மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் ஐஜிஜி என்று வைத்தால் ரியூப்பில் 1000 மைக்ரோகிராம். 4 மில்லிலீற்றர்வரை உப்புக்கரைசல் நிரப்பி, மையநீக்கியில் சுற்றி, ஊற்றிய பின் 0.1 மில்லிலீற்றர் மட்டும் மிஞ்சினால் ஒவ்வொரு கழுவலும் நாற்பதில் ஒன்றாக்கும். மூன்றாம் கழுவலில் மிச்சம் 0.016 மைக்ரோகிராம். சோம்பலாக ஊற்றி 1 மில்லிலீற்றரை விட்டுவைத்தால் ஒவ்வொரு தடவையும் நாலில் ஒன்றுதான். மூன்று கழுவலுக்குப் பிறகும் ஏறக்குறைய 16 மைக்ரோகிராம், அதாவது ஆயிரம் மடங்கு. வலுக்குறைந்த நேர் முடிவு அங்கேயே மறைந்துபோகலாம். எத்தனை தரம் கழுவினோம் என்பதைவிட ஒவ்வொரு தரமும் எவ்வளவு மிஞ்சியது என்பதுதான் முக்கியம். ரியூப்பைக் கவிழ்த்து, வாயைத் துடைதாளில் ஒற்றி, பிறகு நிமிர்த்துங்கள். கழுவி முடிந்த கையோடு எதிர்ச்சீரத்தை விடுங்கள். வைத்திருந்தால் ஒட்டிய ஐஜிஜியும் கழன்றுபோகும்.

எதிர் முடிவு வந்த ஒவ்வொரு ரியூப்புக்கும் ஐஜிஜி பூசிய கட்டுப்பாட்டுச் செங்குழியம் ஒரு துளி விட்டு மீண்டும் சுற்றுங்கள். ஒருங்கொட்டினால் எதிர்ச்சீரம் உயிரோடு இருந்தது, முடிவை எழுதலாம். ஒருங்கொட்டாவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்த ரியூப்பைத் திருத்த முடியாது.

ஐஜிஎம் ஒட்டியிருந்தா கூம்ஸ் காட்டாதோ?

காமாவுக்கு மட்டும் உரிய எதிர்ச்சீரம் காட்டாது. ஆனால் ஐஜிஎம் நிரப்பியை (இரத்தத்தில் உள்ள துணைப் புரதத் தொகுதியை) ஏவி, சி3டி என்ற துண்டைச் செங்குழியத்தில் விட்டுச்செல்லும். ஐஜிஜி எதிரியும் சி3டி எதிரியும் கலந்த பொதுச் சீரம் அந்தத் தடயத்தைப் பிடிக்கும். வகுப்பை நேரே காணாமல் அது விட்ட காலடியைக் காண்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ச்சீரம் வாங்கக் காசில்லை. ஐஜிஎம்மையும் ஐஜிஜியையும் பிரிக்க வேற வழி?

ஐஜிஎம்மின் ஐந்து அலகுகளும் இருசல்பைட்டுப் பிணைப்புக்களால் சேர்ந்தவை. சீரத்தோடு, அந்தப் பிணைப்புக்களை அறுக்கும் 0.01 மோலர் டைதயோதிரைற்றோலைச் சம அளவு கலந்து 37 பாகையில் 30 முதல் 60 நிமிடம் வைத்தால் ஐஜிஎம் சிதறி ஒருங்கொட்டும் வலுவை இழக்கும், ஐஜிஜி தாக்குப்பிடிக்கும். பக்கத்தில் அதே சீரத்தோடு தாங்கற்கரைசல் மட்டும் கலந்த ரியூப் ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஐதானதால் குறைந்ததா, ஐஜிஎம் சிதறியதால் குறைந்ததா என்று தெரியாது. மாடுகளில் புரூசெல்லாக் கிருமித் தொற்றைப் பார்க்கும்போது இதே தத்துவத்தில் மெர்கப்ரோஎதனோல் பாவிக்கப்படுகிறது.

புரூசெல்லாவுக்கு முதலில் செய்யும் ரோஸ் பெங்கால் சோதனையில் 30 மைக்ரோலீற்றர் சீரமும் அதே அளவு சாயமேற்றிய கிருமிக் கரைசலும் வெள்ளை ஓட்டில் கலந்து 4 நிமிடம் ஆட்டுவோம். அந்தக் கரைசலின் பிஎச் 3.65 அளவில் இருப்பது தற்செயல் அல்ல: அந்த அமிலத்தில் ஐஜிஎம்மின் வேண்டாத ஒருங்கொட்டல் அடங்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் செய்யாமல் இரண்டையும் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள்.

எலிக்காய்ச்சல் நுணுக்குக்காட்டி ஒருங்கொட்டல் ரிப்போர்ட்டில ஏன் ஐஜிஎம், ஐஜிஜி எண்டு போடேல்லை?

அந்தச் சோதனையில் எலிக்காய்ச்சல் கிருமியான உயிருள்ள லெப்ரொஸ்பைராவை நோயாளியின் சீரமே நேரடியாக ஒருங்கொட்டுகிறது. வகுப்பைப் பிடிக்கும் இரண்டாம் எதிர்ச்சீரம் எதுவும் இல்லை. எந்த வகுப்பு ஒட்டினாலும் முடிவு ஒன்றே. அதனால்தான் இரண்டு கிழமை இடைவெளியில் எடுத்த இரண்டு சீரத்தில் நான்கு மடங்கு ஏற்றம் தேடுகிறார்கள்.

வெள்ளாட்டு எதிரியோட எலைசா செய்தன், பால்மாவால மூடினன். நிறமே வரேல்லை. ஏன்?

ஆடு, செம்மறி, மாடு ஆகியவற்றின் ஐஜிஜிகள் நெருங்கிய உறவு. குறியிடங்கள் நிறையப் பொது. உங்கள் கடைசிப் படி வெள்ளாட்டு ஐஜிஜியைப் பிடிக்கும் எதிர்ச்சீரமாக இருந்தால், அதை ஐதாக்கிய கரைசலிலும் பால்மா இருந்தால், அதிலுள்ள மாட்டு ஐஜிஜியையும் அது பிடித்து, தட்டில் ஒட்டுமுன்பே செலவாகிவிடும். மூடுவதற்குத் தூய அல்புமின் பாவிக்கும்போதுகூட, அதில் மாட்டு ஐஜிஜி கலந்திருந்தால் இதே சிக்கல். மாட்டு ஐஜிஜியால் உறிஞ்சிய எதிர்ச்சீரம் வாங்குங்கள், அல்லது மீன் ஜெலற்றினால் மூடுங்கள். கோழியின் பிறபொருளெதிரியான ஐஜிவை (IgY) பாலூட்டிகளின் ஐஜிஜியிலிருந்து வெகுதூரம் விலகியது. அதனால் கோழி முட்டை மஞ்சட்கருவிலிருந்து எடுத்த எதிரிகள் இந்தக் குழப்பத்துக்குள் வருவதில்லை.

வருத்தமே இல்லாத ஆளுக்கு ஐஜிஎம் நேர் எண்டு வருமோ?

வரும். ரூமற்றொயிட் காரணி என்பது பெரும்பாலும் ஐஜிஎம். அது தன் உடம்பு ஐஜிஜியின் எஃப்சி பகுதியையே பிடிக்கும். நோயாளியிடம் பழைய டெங்குவால் வந்த ஐஜிஜி இருந்தால், அது தட்டிலுள்ள டெங்குப் புரதத்தில் ஒட்டும். அதன் முதுகில் ரூமற்றொயிட் காரணி ஏறும். மியூ எதிர்ச்சீரம் வந்து "இங்கே ஐஜிஎம் உண்டு" என்று காட்டும். எதிர்ச்சீரம் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அங்கே ஐஜிஎம் இருக்கிறது. டெங்குவைப் பிடித்த ஐஜிஎம் அல்ல என்பதுதான் பிரச்சினை.

மறுபக்கமும் உண்டு. ஐஜிஜி ஏராளமாக இருந்து எல்லா இடத்தையும் அடைத்துவிட்டால் உண்மையான ஐஜிஎம் ஒட்ட இடமின்றிப் பொய்யாக எதிர் முடிவு வரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சோதனைக்கு முன் சீரத்தைக் காமா எதிர்ச்சீரத்தோடு கலந்து ஐஜிஜியைப் படியவைத்து நீக்குவது. அல்லது முதலில் மியூ எதிர்ச்சீரம் பூசிய தட்டில் ஐஜிஎம்மைப் பிடித்து, பிறகு டெங்குப் புரதம் விடும் பிடிமுறை எலைசா. அதிலும் ரூமற்றொயிட் காரணி பிடிபடும்; கடைசியில் விடும் நொதியப் பிறபொருளெதிரியில் எஃப்சி இருந்தால் அதைப் பற்றிக்கொள்ளும். எஃப்சி வெட்டிய துண்டைப் பாவிப்பது அதற்காகத்தான்.

பாம்புக்கடிக்கு ஏத்திற மருந்தில எஃப்சி இல்லையாமே. பிறகும் ஏன் ஒவ்வாமை வருது?

இங்கே பாவிக்கும் பல்விட (பல நஞ்சு) முறிவு மருந்து நாகம், புடையன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை ஏற்றிய குதிரையின் ஐஜிஜியிலிருந்து வருகிறது. பெப்சின் நொதியத்தால் வெட்டி எஃப்சியை நீக்கி, பிடிக்கும் இரண்டு கையும் சேர்ந்த 100 கிலோடால்டன் அளவான துண்டாக உலரவைத்துக் குப்பியில் அடைப்பார்கள். எஃப்சியில் இருந்த குதிரைக் குறியிடங்கள் போய்விட்டன, நிரப்பியை ஏவும் வேலையும் குறைகிறது. ஆனால் குதிரையின் இலேசான சங்கிலி முழுதாகவும் பாரச் சங்கிலியின் மேற்பாதியும் அப்படியே இருக்கின்றன. முதற் கேள்வியில் மனித ஐஜிஜி வெள்ளாட்டுக்கு எப்படி அந்நியமோ, இது எமக்கு அப்படியே. 10 குப்பி ஏற்றும்போது அந்நியப் புரதத்தின் அளவும் பெரிது. உடனடி எதிர்வினை நிமிடங்களிலிருந்து சில மணிக்குள் வரலாம். காய்ச்சல், மூட்டு நோவு, தடிப்போடு வரும் சீர நோய் 5 முதல் 14 நாளில் வரலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வைத்தியசாலையில் ஏற்றுவார்கள். எதிர்வினையைச் சமாளிக்கலாம், புடையன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்வதைத் திருப்ப அந்த மருந்துதான் உண்டு. வீட்டுக்குப் போன பிறகு இரண்டு கிழமைக்குள் மூட்டு நோவும் தடிப்பும் வந்தால் மீண்டும் வைத்தியசாலைக்கு வாருங்கள், மருந்து ஏற்றியதையும் சொல்லுங்கள்.

ஐஜிஏ இல்லாத ஆக்களுக்கு இரத்தம் ஏத்தேக்க என்ன சிக்கல்?

பிறவியிலேயே ஐஜிஏ உண்டாகாதவருக்கு அல்பா சங்கிலி ஒரு அந்நியப் புரதம். சிலர் அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி வைத்திருப்பார்கள். வழங்குநரின் இரத்தப் பாயத்தில் உள்ள ஐஜிஏ அவர்களில் கடுமையான எதிர்வினையைத் தூண்டலாம். ஆகவே பலமுறை கழுவிய செங்குழியமே கொடுப்பார்கள். ஐஜிஏ உள்ளவர்களிலும் தம்மிடம் இல்லாத ஐஜிஏ2 அலோரைப்புக்கு எதிரி உண்டாகலாம். மூன்றாம் கேள்வியின் பட்டிக் குறி இங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது.

தனி இலேசான சங்கிலியை அளக்கினம். சீரம் முழுக்க ஐஜிஜியில அதே சங்கிலி கிடக்கேக்க எப்பிடிப் பிரிக்கினம்?

இந்தப் பக்கத்தில் மிகவும் நுட்பமான கேள்வி இதுதான். இலேசான சங்கிலி பாரச் சங்கிலியோடு சேரும்போது அதன் ஒரு முகம் உள்ளே மறைந்துவிடும். தனியே மிதக்கும்போது அந்த முகம் வெளியே தெரியும். அங்கே உள்ள மறை குறியிடங்களை மட்டும் பிடிக்கும் எதிர்ச்சீரத்தைத் தெரிந்தெடுத்தால், சேர்ந்திருக்கும் சங்கிலியை அது காணாது. கடினம் எங்கே என்றால் அளவில்: சேர்ந்த கப்பா லீற்றருக்குக் கிராம் கணக்கில், தனிக் கப்பா 3.3 முதல் 19.4 மில்லிகிராம். தனி லம்டா 5.7 முதல் 26.3 மில்லிகிராம். சேர்ந்தது சில நூறு மடங்கு கூட. எதிர்ச்சீரம் வெளிமுகக் குறியிடத்தை நூறில் ஒரு பங்கு பிடித்தாலும் கணக்குக் குலைந்துவிடும்.

பிறபொருளெதிரி ஆக்கும் கலத்தின் புற்றுநோயான மல்ரிபிள் மயலோமாவில் ஒரே கலவழி பெருகுவதால் கப்பா அல்லது லம்டா ஒன்று மட்டும் ஏறும். அதனால் தனித்தனி அளவைவிட விகிதம் கூடுதலாகப் பேசும். வழக்கமான எல்லை 0.26 முதல் 1.65. சிறுநீரகம் பழுதானவர்களில் இரண்டும் சேர்ந்து ஏறும், விகிதமும் கொஞ்சம் மேலே நகரும். சிறுநீரக நோயாளர் கூடிய வன்னிப் பகுதியில் இந்த அறிக்கையை வாசிக்கும்போது கிரியற்றினின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுகமான ஒருவருக்கு 1.9 என்பது சந்தேகம். சிறுநீரகம் இயங்காதவருக்கு அதே 1.9 வழக்கத்துக்குள் அடங்கலாம்.

ஒற்றைக்கலவழி எதிரி வாங்கினா இந்தக் குறுக்குப் பிடிப்பு எல்லாம் இல்லைத்தானே?

குறையும், ஆனால் வேறொன்று வரும். ஒற்றைக்கலவழி எதிரி ஒரே ஒரு குறியிடத்தைத்தான் பிடிக்கும். அந்தக் குறியிடம் அலோரைப்பால் மாறும் இடத்தில் அமைந்துவிட்டால், சிலருடைய ஐஜிஜி உபவகுப்பை அது காணவே காணாது. அளவு உண்மையில் சரியாக இருந்தும் "குறைவு" என்று அறிக்கை வரும். ஒரு ஆளில் மட்டும் ஒரு உபவகுப்பு பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால், பல்கலவழிச் சீரத்தாலோ வேறு குறியிடத்தைப் பிடிக்கும் இன்னொரு ஒற்றைக்கலவழியாலோ மறுபடி அளந்த பிறகே கையெழுத்து வையுங்கள்.